படகில் ஏறக்கூடாத பழம்

விடிந்தும் விடியாத நேரம். மான்டாக் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டு, க்ளென் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான். கையடக்கக் கருவி எண்ணைக் காட்டியது. எண் ஒழுங்காக இருந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு, முட்டை வைத்த ரொட்டி ஒன்றைத் தின்றான். பிறகு சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தான். ஆப்பிள் சாறு ஒரு டப்பா, சர்க்கரை மாத்திரை ஒரு குழாய், கொஞ்சம் வாழைப்பழம். எல்லாம் இருந்தன. மற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்க்கரை நோயோடு வாழும் க்ளென், வெளியே கிளம்பினால் இனிப்பைத் தடவிப் பார்ப்பான்.

"டேய், அலங்காரம் முடிஞ்சுதா? சுறா எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி காத்துக்கிட்டு இருக்கு!" என்று கார் கண்ணாடியில் தட்டினான் ரஸ்.

படகை வாடகைக்குப் பிடித்தவன் ரஸ்தான். ஏர்கண்டிஷனர் மாட்டிக்கொடுக்கும் தொழில். அவன் வாழ்க்கையில் எந்தத் தவறும் அவனால் நடந்தது கிடையாது. தொழில் படுத்ததற்குக் காரணம், வெயில் போதாத கோடை. முதல் மனைவி விட்டுப்போனதற்குக் காரணம், அவளுடைய அக்கா. போன வருஷம் அவன் கார் ஒரு மரத்தில் மோதியது. மரம் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது என்று நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டுத்தான் ரஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

கூட வந்த டென்னி, ரஸ்ஸின் இரண்டாவது மனைவியின் தம்பி. ரஸ் சிரித்தால் சிரிப்பான். ரஸ் முறைத்தால், யாரை முறைக்கிறான் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு தானும் முறைப்பான். மற்றபடி நல்லவன்.

படகின் பெயர் 'இரண்டாவது அடமானம்'. அதன் சொந்தக்காரரும் ஓட்டுநருமான கேப்டன் டஃபி, பல்லுக்கிடையில் குச்சியைக் கடித்துக்கொண்டு மூவரையும் ஏற்றிக்கொண்டார். அவர் சிரித்து அந்தத் துறைமுகத்தில் யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் அனுபவம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

படகு கரையைத் தாண்டியதும் அலை உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் க்ளென்னின் முகம் வெளுத்தது. ஓரமாகப் போய்க் குனிந்தான். முட்டையும் ரொட்டியும் கடலோடு போயின. ஆப்பிள் சாற்றைக் குடித்துப் பார்த்தான். அதுவும் போன வழியே திரும்பி வந்தது.

"இரையை இப்பவே போட ஆரம்பிச்சுட்டான் பாரு மச்சான்!" என்றான் டென்னி. ரஸ் சிரித்ததால் இன்னொரு தடவை சொன்னான்.

க்ளென்னுக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டுக்கொண்ட இன்சுலின் உள்ளே இருந்தது. அது சமாளிக்க வேண்டிய ரொட்டி வெளியே போய்விட்டது. இந்தச் செய்தியை இன்சுலினுக்குத் தெரிவிக்க வழி கிடையாது. அது தன் பாட்டுக்கு வேலை செய்து, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். வயிறு கொஞ்சம் அடங்கட்டும், பழம் தின்று சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி பையை மடியில் வைத்து உட்கார்ந்தான்.

படகு நின்றது. கேப்டன், அரைத்து உறையவைத்த மீன் கூழை ஒரு கூடையில் போட்டுப் படகோரம் தொங்கவிட்டார். அது கரைந்து எண்ணெய்ப் பாதை மாதிரி நீண்டுகொண்டே போனது. மோப்பம் பிடித்து வருகிற சுறா அந்தப் பாதையிலேயே வர வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று தூண்டில்கள் இறங்கின. மிதவைக்குப் பதிலாக ஒவ்வொரு தூண்டில் நரம்பிலும் ஒரு பலூன் கட்டியிருந்தார்: சிவப்பு, மஞ்சள், நீலம். பிறந்தநாள்காரக் குழந்தை மட்டும்தான் வரவில்லை.

சுறாவும் வரவில்லை.

ரஸ் நின்றான், உட்கார்ந்தான், பீர் குடித்தான். சர்க்கரைத் தூள் தூவிய டோனட்டுகள் ஒரு பெட்டி இருந்தது. அவனும் டென்னியுமாக அதைக் காலி செய்தார்கள். சாண்ட்விச்சுகளும் தீர்ந்தன. வயர்லெஸ்ஸில் வேறொரு படகுக்காரர் பேசுவது கேட்டது. அவர் படகில் ஒன்றைப் பிடித்து விட்டுவிட்டார்களாம், இன்னொன்று மாட்டியிருக்கிறதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ரஸ் மெல்ல எழுந்து சுக்கான் அறை வாசலில் போய் நின்றான்.

"ஏன் கேப்டன், அவங்களுக்கெல்லாம் மாட்டுது. நாம நிக்கிற இடம் சரியான இடந்தானா?"

கேப்டன் டஃபி குச்சியை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினார். அவர் கண் மெல்லச் சுழன்று படகின் பின்பக்கம் போய் நின்றது. அங்கே, கை லேசாக நடுங்க, க்ளென் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! என்னய்யா அது கையில?"

"வாழைப்பழம்," என்றான் க்ளென். "வேணுமா?"

கேப்டன் கீழே இறங்கி வந்தார். பாம்பைப் பார்த்தவர் மாதிரி இரண்டடி தள்ளியே நின்றார்.

"படகுல வாழைப்பழம் ஏத்தக்கூடாதுன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பழம் ஏறின படகுல மீன் ஏறாது. இந்தத் துறைமுகத்துல எந்தக் கேப்டனை வேணாலும் கேட்டுப் பாருங்க. ரஸ், உங்ககிட்ட போன்லயே சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார். அப்போது ரஸ் டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே, "சரி கேப்டன், சரி கேப்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் ரஸ்ஸைப் பார்த்தார்கள். ரஸ் க்ளென்னைப் பார்த்தான்.

"இவன்கிட்ட சொன்னேனே!"

"எப்படா சொன்ன?"

"சொன்னேன்டா! நீ என்னைக்கு ஒருத்தன் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டிருக்க? காலையிலேருந்து கடலையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். எல்லாம் உன்னாலதான். உன் ஒருத்தனால!"

கேப்டன் தலையை ஆட்டி ஆமோதித்தார். இடம் சரிதானா என்ற கேள்வியை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

"டேய், எனக்குச் சுகர் இறங்குது," என்றான் க்ளென். "இதைத் தின்னுட்டுத் தோலைக்கூட முழுங்கிடறேன். ரெண்டு நிமிஷம் விடுங்க."

டென்னி அந்தப் பழத்தைப் பிடுங்கிக்கொண்டான். "சுகர் இருக்கறவன் வாழைப்பழம் திங்கலாமா? எங்க அத்தைக்கும் சுகர்தான். பழக்கடைப் பக்கம் திரும்பினாலே டாக்டர் திட்டுவார். மச்சான், இவனை நாமதான் காப்பாத்தணும்."

"உங்க அத்தைக்கு ஏறுது, எனக்கு இப்ப இறங்குதுடா முட்டாள்! இறங்கினா இனிப்பு திங்கலேன்னா ஆளே போயிடுவேன். பையைக் குடு, அதுல மாத்திரை..."

டென்னி ரஸ்ஸைப் பார்த்தான். ரஸ் முறைத்துக்கொண்டிருந்தான். டென்னிக்கு அது போதும். பழத்தையும் பையையும் சேர்த்து வீசி எறிந்தான்.

பை மூழ்கியது. மாத்திரையும், ரத்தம் பார்க்கும் கருவியும் அதோடு போயின. ஒரு பழம் மட்டும் வெளியே வந்து மிதந்தது. ஒரு கடற்பறவை இறங்கி அதைக் கொத்திக்கொண்டு பறந்தது. அந்தப் பறவைக்கு அன்றைக்கு மீன் கிடைக்காமல் போனதாகத் தெரியவில்லை.

"இப்ப இனிப்பா ஏதாவது குடு," என்றான் க்ளென். வியர்வை அவன் கழுத்தில் வழிந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். பீர் இருந்தது. சோடாவும் இருந்தது, ஆனால் எல்லாமே சர்க்கரை சேர்க்காதது. தொப்பையைக் குறைக்கச் சொல்லி ரஸ்ஸின் மனைவி வாங்கிக் கொடுத்திருந்தாள். கேப்டன் குடிப்பது பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காபி. க்ளென் காலி டோனட் பெட்டியை எடுத்து, விரலை நக்கி ஈரமாக்கி, மூலையில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூளைத் தொட்டுத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டான்.

"பெட்டியையும் தின்னுடாதடா, குப்பை போட வேணும்!" என்று டென்னி விழுந்து விழுந்து சிரித்தான்.

"கரைக்குப் போகலாம்," என்றான் க்ளென். நாக்கு தடித்திருந்தது. "கேப்டன், படகைத் திருப்புங்க."

"படகைப் பிடிச்சது ரஸ். அவர் சொன்னா திருப்பறேன்."

"ஒரு பழத்துக்காக இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு..." என்று ரஸ் ஆரம்பித்தபோது, சிவப்புப் பலூன் ஒரு துள்ளு துள்ளியது. அப்படியே தண்ணீருக்குள் போய் மறைந்தது.

நரம்பு சுற்றிய ரீல் அலறியது. ரஸ் பாய்ந்து தூண்டில் கோலைப் பிடித்தான். கேப்டன் அவனை நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பில் வாரை மாட்டினார். தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது மேலே எழும்பியது. நீளவால் சுறா. உடம்பு எவ்வளவோ வாலும் அவ்வளவு. வெயிலில் ஒரு கணம் வெள்ளியாக நின்று, திரும்ப விழுந்தது.

"பார்த்தியா!" என்று கத்தினான் ரஸ். "பழம் வெளிய போச்சு, சுறா உள்ள வந்துச்சு! பார்த்தியாடா!"

"நான்தான் தூக்கிப் போட்டேன், ஞாபகம் வச்சுக்கோ மச்சான்!"

"நான் என்ன சொன்னேன்?" என்றார் கேப்டன்.

மூன்று பேரும் அவ்வளவு ஒற்றுமையாக அன்று முழுவதும் இருந்ததில்லை. நாலாவது ஆள் பின்பக்கப் பலகையில் சாய்ந்து, தன் ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்ட முயன்று, அது எப்படி என்பதை மறந்து உட்கார்ந்திருந்தான்.

சுறா இழுத்தது, ரஸ் இழுத்தான். ஒரு அடி வருவதும் பத்து அடி போவதுமாக நேரம் நகர்ந்தது. க்ளென் எழுந்து தள்ளாடி வந்து ஏதோ சொன்னான். வார்த்தைகள் ஒன்றோடொன்று குழைந்திருந்தன.

"பீரைக் குடிச்சுட்டு உளர்றான்," என்றான் ரஸ் திரும்பாமலே. க்ளென் அன்று ஒரு வாய் பீர்கூடத் தொடவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

க்ளென்னின் முழங்கால் மடங்கியது. ஐஸ் பெட்டியில் தோள் இடிக்க, ரஸ்ஸின் காலடியில் விழுந்தான்.

"நடிக்காதடா! டென்னி, இவனை அந்தப் பக்கம் இழுத்துப் போடு, மீன் பக்கத்துல வந்தாச்சு!"

டென்னி குனிந்து இழுத்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அது கடல் தண்ணீர் இல்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தான். கண் திறந்திருந்தது, ஆனால் டென்னியைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக டென்னி ரஸ்ஸின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மச்சான், கோலை விடு. இவன் சாகப்போறான்."

"ரெண்டு நிமிஷம்..."

"விடுடா!"

கேப்டன் டஃபி சுக்கான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரை எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஆளுக்கு அவ்வளவு நேரம் இல்லை என்பதும் தெரிந்தது. வயர்லெஸ்ஸை எடுத்து ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சொன்னார். பிறகு, அபாய விளக்குகள் வைக்கிற ஆரஞ்சு நிறப் பெட்டியின் மேல் கையை வைத்தார். வைத்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவருடைய பிழைப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பல்லிலிருந்த குச்சியைத் துப்பினார். பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. கறுப்புப் புள்ளி விழுந்து, நன்றாகக் கனிந்த பழம்.

யாரையும் பார்க்காமல் வந்து மண்டியிட்டார். "நிமிர்த்தி உக்காரவை. தலையைப் பிடிச்சுக்க." டென்னி பிடித்துக்கொண்டான். கேப்டன் பழத்தை விரலால் மசித்து, சிறிது சிறிதாக க்ளென்னின் உதட்டுக்குள் வைத்தார். "முழுங்கு தம்பி. முழுங்கு." க்ளென்னிடம் விழுங்குகிற நினைவு மட்டும் மிச்சம் இருந்தது. விழுங்கினான்.

சுறா படகை ஒட்டி வந்திருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ரஸ் அதைப் பார்க்கவில்லை. கேப்டனின் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"நரம்பை அறுய்யா. உடனே கிளம்பணும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும். அது எங்கேருந்து வந்துச்சு?"

"முதல்ல அறு!"

ரஸ் இரை வெட்டும் கத்தியை எடுத்து நரம்பை அறுத்தான். அறுக்கும்போது யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். யாரை என்று தெரியவில்லை. வழக்கமாகப் பெயரைச் சேர்த்துத்தான் திட்டுவான். சுறா வாலை ஒருமுறை அடித்துவிட்டு, இந்தச் சண்டையில் தனக்கு வேலை இல்லை என்பதுபோலக் கீழே போனது.

படகு முழு வேகத்தில் திரும்பியது. இரண்டாவது பழம் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் க்ளென்னின் கண் ஓரிடத்தில் நின்றது. மூன்றாவது பழத்தைத் தானே பிடித்துத் தின்றான்.

ரஸ் சுக்கான் அறைக்குள் நுழைந்தான். "யோவ், இப்ப சொல்லு. காலையிலேருந்து இது படகுல இருந்துச்சா?"

"எனக்குக் கால் குரக்களி பிடிக்கும். வாழைப்பழம் தின்னா விடும். டாக்டர் சொன்னது."

"நான் அதைக் கேக்கல!"

"இருந்துச்சு," என்றார் கேப்டன், கடலைப் பார்த்தபடி. "தினமும் இருக்கும். சுறா வந்த நாளும் இருந்துச்சு, வராத நாளும் இருந்துச்சு. போதுமா?"

"அப்புறம் எதுக்குய்யா அந்த எழவு சட்டம்?"

"மீன் கிடைக்கலேன்னா நீங்க யாரைக் கேப்பீங்க? என்னைத்தானே? காலையில நீ கேக்கல, இடம் சரிதானான்னு? டீசலை மிச்சம் பிடிக்கலாம்னு, போக வேண்டிய இடத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். அதை வாயால சொல்ல முடியுமா? ஒரு பழத்தைக் காட்டினா அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிடறீங்க. வழக்கமா யாரும் சாக மாட்டாங்க. ஒருத்தன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருப்பான், அவ்வளவுதான்."

ரஸ் அவரை அடித்துவிடுவான் என்றுதான் டென்னி நினைத்தான். ரஸ்ஸின் கைகூட உயர்ந்தது. உயர்ந்த கை பாதியில் நின்றது. இந்த ஆளை எங்கேயோ ரொம்ப நாளாகப் பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு. காலையில் முகம் கழுவும்போது, கண்ணாடியில்.

கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதில் வந்த நர்ஸம்மா க்ளென்னின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தலையாட்டினாள்.

"இப்ப பரவாயில்ல. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிட்டுப் போகணும். நல்ல வேளை, யாரோ புத்தியா படகுல வாழைப்பழம் கொண்டு வந்திருக்கீங்க. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க."

யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

பக்கத்துப் படகிலிருந்து இறங்கிய ஒருவன், வெறும் கொக்கியோடு தொங்கிய மீன் தராசைக் காட்டி, "என்னப்பா, ஒண்ணுமே மாட்டலையா?" என்று கேட்டான்.

கேப்டன் டஃபிக்கு நாக்கு பழக்கதோஷத்தில் புரண்டது. "அதை ஏன் கேக்கற. இவங்கள்ல ஒருத்தர் படகுல வாழைப்பழத்தை..."

"வாயை மூடுய்யா," என்றான் ரஸ். பிறகு அந்த ஆளைப் பார்த்து, கல்லைத் துப்புகிற மாதிரி சொன்னான். "மாட்டுச்சு. அறுத்து விட்டோம். என் கூட்டாளி செத்துப் பிழைச்சான். பழத்தால இல்ல. என்னால."

இந்தக் கடைசி வார்த்தை அவன் வாய்க்குப் புதிது. சொல்லிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் க்ளென்னிடம் வந்து நின்றான். "கேப்டன் போன்ல என்கிட்டதான் சொன்னாரு. நான் உன்கிட்ட சொல்லவே இல்லடா. மன்னிச்சுடு."

"என் மேலயும் தப்புதான்," என்றான் டென்னி. "அத்தை பேரை இழுத்திருக்கக் கூடாது."

க்ளென் ஆம்புலன்ஸின் படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மன்னிக்கறதைப் பத்தி அடுத்த வாரம் பேசலாம். இன்னைக்கு உங்களைப் பார்த்தாலே எரியுது," என்றான். "ஆனா இதை மட்டும் கேட்டுக்கங்க. சுகர்காரனுக்குச் சர்க்கரை இறங்குறப்போ இனிப்புதான் மருந்து. அது தெரியாம அவன் கையில இருக்கறதைப் பிடுங்கறது கொலை. அப்புறம் இன்னொண்ணு. ஒரு காரியம் கெட்டுப்போனா, 'இவனாலதான்'னு எவனாவது ஒருத்தனைக் கை காட்டுவான். அப்ப எல்லாரும் அந்தக் கை காட்டின பக்கமே பார்க்கறோம். முதல்ல அந்தக் கை யாரோடதுன்னு பாருங்கடா. அவனுக்குத்தான் எதையோ மறைக்க வேண்டியிருக்கும்."

கதவு மூடுவதற்கு முன், போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தான். சீப்பில் மிஞ்சியதில் ஒரு பழம் அதில் இருந்தது.

"கேப்டன்," என்றான், "இதைப் படகு முன்னாடி, எல்லாரும் பார்க்கற மாதிரி தொங்கவிடுங்க."